சந்தியில் நிற்கிறவர்

யூலை 16, 2022. சனி

ஜனாதிபதி போய்விட்டார். முந்தநாள் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினாராம். சனம் மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்த காட்சியை மனோ தன் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "சவுக்காரம் போட்டுக் குளிச்சவங்களோ தெரியேல்லை" என்பதோடு என் மனைவியின் அரசியல் விமர்சனம் முடிந்தது. பிறகு, "மண்ணெண்ணெய் எப்ப வருமாம்?" என்று கேட்டாள். நாட்டில் யாருக்கும் தெரியாது.

மத்தியானம் கொழும்பிலிருந்து துஷ்யந்தி தொலைபேசியில் எடுத்தாள். நான் களவேலை செய்யும் ஆய்வு நிறுவனத்தில் அவள் ஆராய்ச்சி அலுவலர். வெள்ளவத்தைப் பிள்ளை. நல்ல மூளை, அதைவிட நல்ல மனம்.

"அண்ணை, பெரிய சேர்வே ஒண்டு வருது. ஆட்சி மாற்றத்தைப் பற்றிச் சனம் என்ன நினைக்குது, ஆரை நம்புது எண்டு. வன்னிப்பக்கம் உங்களுக்குத்தான்."

"பெற்றோல்?"

"சைக்கிள் இருக்கெல்லோ அண்ணை?"

இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதும் வழுக்கையும் பிரசவத்துக்கு நாள் குறித்தது போன்ற ஒரு வயிறும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சுமக்கச் சைக்கிள் சம்மதிக்குமா என்று அதைத்தான் கேட்க வேண்டும். அரியநாயகம் என்ற பெயரை வைத்த அப்பாவுக்கு, மகன் இப்படி அரியதொரு வடிவத்தில் வருவான் என்று தெரிந்திருக்காது.

யூலை 21

புதிய ஜனாதிபதி வந்துவிட்டார். மண்ணெண்ணெய் வரவில்லை.

கேள்விக்கொத்துகள் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. மின்வெட்டில் கருவி ஒன்றும் சார்ச் ஏறாது என்று பழையபடி கடதாசி.

எங்கள் தொழிலில் வீட்டை நாங்கள் பொறுக்க முடியாது. சந்தியில் தொடங்கி வலது கைப்பக்கமாக நடந்து ஐந்தாவது வீடு, அதிலிருந்து இன்னொரு ஐந்தாவது. வீட்டுக்குள்ளும் ஆளைப் பொறுக்க முடியாது. பெரியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சால்வையைச் சரிசெய்து தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருப்பார். அடுப்படியில் நிற்கிற மருமகளுக்குப் பிறந்தநாள் வந்து தொலைக்கும்.

பதில் சொல்லாவிட்டால் 99. 'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை', இரண்டுக்கும் அந்த ஒரே இலக்கம்தான். மற்றவர்கள் வன்னியிலிருந்து கொண்டுவரும் படிவங்களில் 99 வெற்றிலைச் சாறுபோல் சிந்திக் கிடக்கும். என்னுடையதில் குறைவு. பகிடி விட்டால் சனம் வாய் திறக்கும். கோயில் மலருக்குச் சிரிப்புக் கதை எழுதுகிறவன், கலியாண வீட்டில் ஒலிவாங்கி கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுக்காதவன் என்று வவுனியா எனக்கு வைத்த பட்டம் 'பகிடி அரியம்'. இந்த ஒரு வேலையில்தான் அந்தப் பட்டம் சோறு போடுகிறது. வீட்டில் மனோ அதை 99 என்று சுருக்கிவிட்டாள். கடைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டு நான் முழிசினால், "என்ன, தொண்ணூற்றொன்பதோ?" என்பாள்.

இன்னொன்று. நாங்கள் பெயர் எழுதுவதில்லை. 'நீங்கள் சொன்னது நீங்கள்தான் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவராது' என்று முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுக்கிறோம். நான் அந்த வரியை வாசிக்கிற வேகத்தில் அது எனக்கே விளங்குவதில்லை.

யூலை 28

முல்லைத்தீவு மாவட்டம். பஸ்ஸின் கூரையில் சைக்கிள், உள்ளே நான். ஊரை 'முறிப்பு' என்று எழுதுகிறேன். வன்னியில் பாதி ஊர் முறிப்பு, மீதி குளம். யாராவது கண்டுபிடிக்கட்டும்.

சந்தியில் பூட்டிய ஒரு கடை, ஒரு மதகு. மதகில் ஒருத்தர். வெள்ளைச் சேர்ட், மடிப்புக் கலையாதது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள். பெற்றோல் வரிசையில் நாடே நிற்கும் காலத்தில் இவர் தாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறார் என்றால் யார் என்று கேட்கத் தேவையில்லை. தகவல் சேர்க்கிறவர். எந்தப் புலனாய்வுப் பிரிவுக்கு என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

"ஐயா எங்கால?"

"வவுனியா தம்பி. சேர்வே ஒண்டு."

"காணிச் சேர்வேயோ?"

"இல்லை, மனச் சேர்வே. சனத்தின்ர மனசை அளக்க."

சிரித்தார். நல்ல பல்வரிசை. "அளந்து முடியேக்க எனக்கும் சொல்லுங்கோ. நான் கனகாலமா அளக்கிறன், கயிறு காணுதில்லை."

பகிடி விடத் தெரிந்த ஆள். அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. அவருக்கு 'சந்தியார்' என்று பெயர் வைத்தேன்.

யூலை 29

பன்னிரண்டாம் வீடு. (இதுவும் சரியான இலக்கம் அல்ல. எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.)

தகரக் கூரை. முற்றம் முழுக்கக் கோழி. தாயும் மகளும் மட்டும். தாய்க்கு ஆவணியில் பிறந்தநாள், மகளுக்கு மாசியில். எனவே தாய். அறுபதை எட்டிப் பார்க்கிற வயது, வாய்க்கு மட்டும் இருபது.

"சனாதிபதியில எவ்வளவு நம்பிக்கை அக்கா?"

"ஆர், போனவரோ வந்தவரோ?"

"வந்தவர்."

"இப்பத்தானே தம்பி வந்தவர். நான் கோழியெண்டாலும் ஒரு கிழமை தீன் போட்டுப் பாத்துத்தான் விலை சொல்லுவன்."

பாராளுமன்றம், நீதிமன்றம், பொலிஸ், பிரதேச சபை என்று எல்லாவற்றுக்கும் இப்படியே. கோழியை விட்டு வெளியே வரவில்லை. நான் சிரித்துச் சிரித்து எழுதினேன். மகள் விறாந்தையில் தையல் மெஷினில் இருந்தாள். இயக்கம் போரின் கடைசி வருடத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று சண்டைக்குக் கொண்டுபோன பிள்ளைகளில் ஒருத்தி. பிறகு புனர்வாழ்வு முகாம், பிறகு இந்த மெஷின். இவர்களுடைய படலைக்குள் யார் போனாலும் சந்தியில் கேள்வி. வருடத்துக்கு ஒரு தரமாவது அவளை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். போய் மாதக்கணக்கில் வராத தடவையும் ஒன்று இருந்ததாம். தாய் இதைச் சொல்லும்போது மட்டும் கோழி வரவில்லை.

கடைசிக் கேள்வி, திறந்த கேள்வி: நாட்டில் ஆட்சி மாறிவிட்டது என்று நினைக்கிறீர்களா?

"கொழும்பில சனாதிபதியே ஓடிட்டார். எங்கட சந்தியில நிக்கிறவர் இன்னும் ஓடேல்லையே தம்பி. அவர் ஓடினாத்தான் எனக்கு ஆட்சி மாறினது."

மெஷின் நின்றது. "அம்மா, காணும், நிப்பாட்டுங்கோ."

"உண்மையைத்தானேடி சொன்னனான்."

"அண்ணை, அதை எழுதாதேங்கோ."

"பேர் எழுதிறேல்லைப் பிள்ளை. ஒருத்தருக்கும் தெரிய வராது."

"பேர் என்னத்துக்கு அண்ணை? எங்கட அம்மான்ர வாய் எண்டு ஊருக்கே தெரியும்."

நான் எழுதினேன். சொல்லுக்குச் சொல் எழுதினேன். கீழே கோடும் போட்டேன். இருபது வருடத்தில் இப்படியொரு பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஓகஸ்ட் 9

பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் குறி கிடைத்தது. பெற்றோல் கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 17

தேங்காய் விலையைப் பற்றி மனோ பேசியதை எழுதினால் கொப்பி காணாது. படிவங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. துஷ்யந்தி எடுத்துச் சொன்னாள்: "அண்ணை, முறிப்புக்காரி ஒரு ஆள்! ஒஃபிஸ் முழுக்க வாசிச்சுக் காட்டினனான்."

ஆளைக் கண்டுபிடித்தவன் என்று கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. வயிறு விடவில்லை.

ஓகஸ்ட் 28. ஞாயிறு

அந்த வசனம் பேப்பரில் வந்திருக்கிறது. எங்கள் ஆய்வைப் பற்றிய செய்தி அரைப் பக்கம். அதன் நடுவில் பெட்டி கட்டி, பெரிய எழுத்தில், சந்தியில் நிற்கிறவர் இன்னும் ஓடவில்லை. சிங்களத்திலும் இங்கிலீசிலும் வந்ததாம்.

மனோ சத்தமாக வாசித்தாள். சிரித்தாள். பிறகு இன்னொரு தரம் வாசித்தாள், அப்போது சிரிக்கவில்லை. "ஆரப்பா இந்த மனுசி?" பேப்பரை மடித்து அலுமாரியில் வைத்தாள். இருபது வருடத்தில் என் வேலை சம்பந்தமாக அவள் எடுத்து வைத்த முதல் கடதாசி.

தேநீர்க் கடையில் நானே காட்டிக்கொண்டு திரிந்தேன். கூட்டாளி வெற்றிவேலு வாசித்துவிட்டுக் கீழே விரலை வைத்தான். "இதென்ன அடைப்புக்குள்ள?"

(பெண், 50-60 வயது, கோழி வளர்ப்பு, முல்லைத்தீவு மாவட்டம்.)

"உது வழமை. ஆர் சொன்னது எண்டு ஒரு அடையாளம் போட்டாத்தான் சனம் நம்பும். பேர் இல்லைத்தானே" என்றேன்.

தேநீர் ஆறிப்போனது. மாவட்டத்தில் கோழி வளர்க்கிற பெண்கள் ஆயிரம். ஆனால் ஆய்வு போன ஊர்கள் சில. சந்தியில் ஒருத்தர் மோட்டார் சைக்கிளோடு நின்று, எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்ட ஊர் ஒன்றே ஒன்று.

செப்ரெம்பர் 4

சந்தியார் வீட்டுக்கு வந்தார்.

வவுனியாவில் என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்பது, மீன் எப்படி நீந்துகிறது என்று கேட்பது போல. மனோ யாரோ என் கூட்டாளி என்று நினைத்துப் பிளேன்ரீ கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிக் குடித்தார். சுவரில் கிடந்த எங்கள் கலியாணப் படத்தைப் பார்த்து, "அக்கா அப்பவும் வடிவுதான்" என்றார். மனோவுக்குச் சந்தோசம்.

அவள் உள்ளே போன பிறகு பேப்பர்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது நான்தானே?"

"அப்பிடி எங்க எழுதிக் கிடக்கு?"

"என்ர மனுசி வாசிச்சவ. வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவ." அவருடைய முகத்தில் அவமானம் இருந்தது. கோபமென்றால் எனக்கு ஏதாவது பகிடி வந்திருக்கும். "மேலிடத்திலயும் கேக்கினம். ஆளைக் கூப்பிட்டு ஒரு கதை கேக்கத்தான். வேற ஒண்டுமில்லை. மகளையும் ஒருக்காக் கேட்டாச் சரி."

மகள் என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. அவர் உச்சரித்தார். அப்படியானால் மணம் பிடித்துவிட்டார். உறுதிதான் இல்லை. அந்த ஊரில் மகளோடு இருக்கிற, கோழி வளர்க்கிற தாய்மார் இன்னும் சிலர் உண்டு.

"நாங்கள் பேர் எழுதிறேல்லைத் தம்பி."

"தெரியும். வீடு ஞாபகம் இருக்குமெல்லோ? யோசியுங்கோ. திரும்பி வாறன்."

கோப்பையைத் தானே கொண்டுபோய் அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

செப்ரெம்பர் 5

சாப்பாடு இறங்கவில்லை. மனோ ஏன் என்றாள். பல்லுக்கொதி என்றேன்.

செப்ரெம்பர் 6

மனோ விடாமல் பல் டொக்டரிடம் கூட்டிப்போனாள். டொக்டர் தட்டித் தட்டி, "இதுவோ? இதுவோ?" என்று கேட்டார். ஏதாவது ஒன்றுக்கு ஓம் சொல்ல வேண்டியிருந்தது. பிடுங்கிக் கையில் தந்தார். நல்ல பல்.

செப்ரெம்பர் 13

துஷ்யந்தி வந்திருக்கிறாள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் முல்லைத்தீவு, அங்கேயிருந்து திரும்புகிற வழியில் எங்கள் வீடு. கண் இரண்டும் சிவந்திருந்தன. மனோ இடியப்பம் கொடுத்தாள். அவள் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், வாயில் வைக்கவில்லை.

பேப்பரில் வந்த வசனத்தை யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். உண்மையில் யார் சொன்னது, உறுதிப்படுத்து என்று நிறுவனத்துக்கு நெருக்குதல். எங்கள் தொழிலில் மீள்பரிசோதனை உண்டு. களக்காரன் போன வீடுகளுக்கு இன்னொருவர் போய், "இன்னார் வந்தவரோ, கேட்டவரோ" என்று பார்ப்பது. முறிப்புக்கு அவளே போயிருக்கிறாள்.

"ஒரு வீடு மிச்சமில்லை அண்ணை. எல்லாரும் ஒரே கதை. ஒருத்தரும் வரேல்லையாம். உங்களைக் கண்டதே இல்லையாம். உங்கட படத்தைக் காட்டினனான். ஒரு மனுசன் சொல்லுது, இப்பிடியொரு வயிறைக் கண்டா மறப்பமோ எண்டு."

சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

"ஒரு வீட்டில படலையே திறக்கேல்லை. மகள்காரிதான் வந்தவ. இஞ்ச ஒருத்தரும் வரேல்லை, நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை, எங்களிட்டக் கோழியும் இல்லை எண்டா. நான் கோழியைப் பற்றிக் கேக்கவே இல்லை அண்ணை."

"கோழி இல்லையோ?"

"ஒண்டும் இல்லை. வெறுங்கூடு மட்டும் கிடந்தது. ஏன்?"

"சும்மா."

முற்றம் முழுக்க நின்ற கோழிகள். விற்றார்களோ, கொடுத்தார்களோ, இருட்டில் அறுத்தார்களோ. அடைப்புக்குறிக்குள் இருந்து தப்புவதற்காக.

"அண்ணை, ரெண்டில ஒண்டுதான். நீங்கள் போகேல்லை. இல்லாட்டி அதுகள் பயப்பிடுதுகள். பயமெண்டா அந்த ஒரு வீட்டை மட்டும் சொல்லுங்கோ. நான் தனியப் போய் ஆறுதலாக் கதைச்சு, உறுதிப்படுத்தி, ரகசியம் எண்டு போட்டு ரிப்போட்டில எழுதுறன். உங்கட பேரும் தப்பும்."

நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதுவார்கள். எழுதியது ஒரு மேசையோடு நிற்காது. ரகசியம் என்று போட்டால் இன்னும் வேகமாக ஓடும்.

"நான் போகேல்லைப் பிள்ளை" என்றேன்.

"அண்ணை?"

"வெயில். சைக்கிளும் காத்துப் போயிட்டுது. மதகில குந்தியிருந்து முழுக்க நானே நிரப்பினது."

"அந்த வசனம்?"

"அதுவும் என்ர. நல்லா இருந்துதெல்லோ?"

அவள் என்னையே பார்த்தாள். "வாசிக்கேக்க எனக்கு அழுகை வந்ததண்ணை. கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால அழுதனான்." கை கழுவிவிட்டு வந்தாள். "உங்கட பகிடி எண்டு விளங்காம நான்தான் விசரி."

மனோ குசினி வாசலில் இடியப்பத் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

செப்ரெம்பர் 14

இந்தக் கொப்பியை யார் எடுத்துப் படித்தாலும் அறிக. அந்த வசனம் என்னுடையது. முறிப்புக்கு நான் போகவில்லை. யூலை 28, 29 என்று போட்டு எழுதியிருப்பது கதை. நான் கதை எழுதுகிறவன் என்பது வவுனியா முழுக்கத் தெரியும்.

செப்ரெம்பர் 22

வேலை போய்விட்டது. பேப்பரிலும் திருத்தம் போட்டார்கள், ஐந்தாம் பக்கத்தின் அடியில்: மேற்படி கூற்று களப்பணியாளர் ஒருவரின் புனைவு எனத் தெரியவந்துள்ளது, வருந்துகிறோம். முறிப்பின் படிவங்கள் எல்லாவற்றையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாடு என்ன நினைக்கிறது என்ற கணக்கில் அந்த ஊர் இப்போது இல்லை. 99 ஆகக்கூட இல்லை.

துஷ்யந்திக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்களாம். அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அவளுக்குத் தொலைபேசியில் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. இன்னொரு தரம் எடுத்தேன்.

தேநீர்க் கடையில் வெற்றிவேலு, "வாரும் புனைவாளரே" என்று கதிரை இழுத்துப் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிடுங்கிய பல்லின் இடத்தில் காற்றுப் போனது.

மனோ சிரிக்கவில்லை. "இருவது வருசமும் உப்பிடித்தானோ? நான் சோறு கட்டித் தந்து அனுப்ப, நீங்கள் மரத்துக்குக் கீழ இருந்து எழுதினதோ?"

நான் முழிசினேன்.

"சொல்லுங்கோ. தொண்ணூற்றொன்பதோ?"

இவளுக்காவது சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சந்தியார் திரும்பி வருவார். அவர் வரும்போது அவள் பிளேன்ரீ கொடுப்பாள். அவளுடைய முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். அந்த முகத்துக்காகத்தான் கட்டினேன்.

இப்போது அவள் என்னை 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிடுவதில்லை. ஒன்றுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில் நான் போக வேண்டும்.

செப்ரெம்பர் 27

சந்தியார் வந்தார். திருத்தத்தையும் வெட்டி வைத்திருக்கிறார். ஒழுங்கான மனிதர்.

"அப்ப நீங்கள்தான் சொன்னது."

"நான்தான்."

"என்னை மதகில கண்டுட்டு."

"ஓம். பகிடிக்கு. குறை நினையாதேங்கோ."

"நீங்கள் பகிடிக்காரர் எண்டு விசாரிச்சனான். கலியாண வீட்டில எல்லாம் கதைப்பியளாம்." கதிரையில் சாய்ந்து கொண்டார். "அப்ப இன்னொண்டு சொல்லுங்கோ."

"என்ன?"

"பகிடி. அதைப்போல ஒண்டு."

முப்பது வருடமாக நான் விட்ட பகிடிகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் திக்காத நாக்கு, ஒரு மனிதருக்கு முன்னால் மரக்கட்டையாகிவிட்டது. அவர் அவசரப்படவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். பன்னிரண்டாம் வீட்டு மெஷின் நின்ற சத்தம், ஒரு சத்தம் இல்லாமற்போன சத்தம், அது மட்டும் காதில் கேட்டது.

"ஒரு மனுசன் மனுசிக்குப் பயந்து பல்லுக்கொதி எண்டு பொய் சொன்னானாம்" என்றேன். "அவ டொக்டரிட்டக் கொண்டுபோக, டொக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிட்டாராம்."

"பிறகு?"

"பிறகென்ன. அதுக்குப் பிறகு அவனுக்கு வாய் திறக்கப் பயமாம்."

சந்தியார் சிரிக்கவில்லை. பல் போன இடத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"முந்தினதைப்போல இல்லை அண்ணை" என்றார். "முந்தினது நல்லது."

எழும்பிப் போனார். இந்தத் தடவை கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் அதைத் தொடவே இல்லை.

ஒக்ரோபர் 5

எங்கள் சந்தியில், தொலைபேசிக்குக் காசு போடும் றீலோட் கடைக்கு முன்னால் புதிதாக ஒருவர் நிற்கிறார். இளம் ஆள். காலையில் நான் பாண் வாங்கப் போகும்போது தொலைபேசியைப் பார்க்கிறார், திரும்பி வரும்போதும் பார்க்கிறார். றீலோட் மட்டும் போடுவதில்லை.

இங்கே நிற்கிறவர் முறிப்பில் நிற்க மாட்டார் என்று ஒரு கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் மோசம்.

ஒக்ரோபர் 11

கோயில் மலருக்கு இந்த வருடம் கதை வேண்டாமாம். "இடம் காணாது அண்ணை" என்றார்கள். போன வருடம் என் கதைக்காக அர்ச்சனை விலைப்பட்டியலை நீக்கியவர்கள்.

ஒக்ரோபர் 19

முல்லைத்தீவு பஸ் நடத்துனர் படலையில் வந்து ஒரு கடதாசிப் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். யார் தந்தது என்றால் தெரியாதாம். "வயிறு பெரிய ஐயாவுக்கு எண்டு சொல்லி ஏத்திவிட்டவை. விசாரிச்சுக்கொண்டு வந்தனான், லேசாக் கண்டுபிடிச்சிட்டன்."

உள்ளே உமி. உமிக்குள் முட்டைகள். ஊர்க்கோழி முட்டை, சிறியது, கொஞ்சம் மண்ணிறம். ஒன்றுகூட உடையவில்லை. துண்டுக் கடதாசி ஏதும் இல்லை.

முட்டை விற்கிற விலைக்கு இது ஒரு சீதனம். யாராவது பழைய கலியாண வீட்டுக்காரர் அனுப்பியிருக்கலாம். வன்னியில் கோழி வளர்க்கிறவர்கள் ஆயிரம்.

மனோ முட்டைகளை ஒவ்வொன்றாக உமி ஊதி எடுத்தாள். பாதியில் நிறுத்தினாள். கை துடைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்து அந்தப் பழைய பேப்பரை எடுத்தாள். யன்னலடியில் நின்று வாசித்தாள். அரைப் பக்கச் செய்தி, வாசிக்க இவ்வளவு நேரம் ஆகாது. பிறகு யன்னலால் றீலோட் கடைப்பக்கம் பார்த்தாள். பேப்பரை அடுப்புக்குள் வைத்தாள். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றாள்.

பின்னேரம் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ. சாப்பிட வாங்கோ."

என் தட்டில் இரண்டு முட்டை. அவள் தட்டில் ஒன்றும் இல்லை. கேட்டேன். தனக்குப் பல்லுக்கொதி என்றாள்.

நவம்பர் 6. ஞாயிறு

படலையில் ஒரு பிள்ளை. தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டைப் பலகை. வேறொரு நிறுவனம். சந்தியிலிருந்து வலது கைப்பக்கமாக எண்ணிக்கொண்டு வந்ததை நான் யன்னலால் பார்த்திருந்தேன். எங்கள் வீடு ஐந்தாவது.

"அன்ரி, ஒரு சேர்வே. நாட்டு நிலைமையைப் பற்றி. முதல்ல ஒரு கேள்வி, இந்த வீட்டில ஆய்வு நிறுவனத்தில வேலை செய்யிற ஆக்கள் இருக்கினமோ? இருந்தா எடுக்கேலாது."

மனோ என்னைப் பார்த்தாள். "முந்தி ஒருத்தர் இருந்தவர். இப்ப இல்லை. இரு பிள்ளை."

எனக்குச் சித்திரையில் பிறந்தநாள். மனோவுக்கு மார்கழியில். எனவே மனோ.

பிள்ளை முதல் பக்கத்தை வாசித்தாள். நீங்கள் சொன்னது நீங்கள்தான் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவராது. என்னைப்போலவே வேகமாக வாசித்தாள். மெல்ல வாசி என்று சொல்ல வாய் வந்தது. விறாந்தையில் கதிரைகள் றோட்டைப் பார்த்துப் போட்டிருந்தன. றீலோட் கடையடியில் நின்ற இளம் ஆள் இரண்டடி கிட்ட வந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பேசவில்லை.

ஜனாதிபதி, பாராளுமன்றம், பொலிஸ், நீதிமன்றம். மிகவும் நம்புகிறேன், ஓரளவு, இல்லை, சற்றும் இல்லை. மனோ தேங்காய் விலை சொல்வது போல ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் சொன்னாள். ஒரு 99 கூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. தொழில்காரனாக ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது.

"கடைசி அன்ரி. இதில இல்லாத வேற ஆரையும் நீங்கள் நம்புறீங்களோ?"

மனோ யோசிக்கவில்லை. சந்திப்பக்கம் நேரே பார்த்து, அங்கே கேட்கிற அளவு சத்தமாகச் சொன்னாள்.

"என்ர மனுசனை. எழுது பிள்ளை. மிகவும் நம்புறன்."

பிள்ளைக்குச் சிரிப்பு. என்னைப் பார்த்தாள். நான் முகட்டைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"ஏன் எண்டு ஒரு காரணமும் கேட்டிருக்கு அன்ரி."

மனோ எழும்பினாள். பிள்ளைக்கு முட்டை பொரிக்க அடுப்படிக்குப் போனாள். வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அதுக்குத் தொண்ணூற்றொன்பது போடு."